ஒரு தடவைகூட அதிராத பெட்டி

ஜனவரி 9

அன்புள்ள என் நடுப்பேத்திக்கு, பாட்டி எழுதுவது. நான் சுகம். உன் கண் எரிச்சல் குறைந்ததா?

முதலில் நல்ல செய்திகள். உன் அண்ணன் கப்பலில் இரண்டாம் என்ஜினியர் ஆகிவிட்டான். தோள்பட்டையில் ஒரு கோடு கூடியிருக்கிறதாம். உன் தங்கை ஒரு குதிரைக்குக் குடலில் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துவிட்டாள். ஏழு மணி நேரம் நின்றாளாம். மறுநாள் அந்தக் குதிரை அவளுக்கே ஒரு உதை விட்டதாம், அவ்வளவு தெம்பு வந்துவிட்டது அதற்கு. நீ போன வருஷம் பரிசுக் கேடயம் வாங்கினாய், இந்த வருஷம் உன் பிரிவுக்கே தலைவி. நூலகத்து வாசல் பெஞ்சில் சாயங்காலம் நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம். மற்ற நான்கு பேருக்கும் இதெல்லாம் மனப்பாடம். நான் வாயைத் திறந்ததுமே ரிட்டயர்டு தபால்காரர், "இன்னைக்குக் கப்பலா குதிரையா, எதுல ஆரம்பிக்கப் போறீங்க?" என்கிறார். காது கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆனாலும் அந்த உதட்டசைவு மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறேன். கப்பல் தெரியும், குதிரை தெரியும். நீ என்ன செய்கிறாய்? "பெட்டி செய்றா" என்றேன். "என்ன பெட்டி, சவப்பெட்டியா?" என்று கேட்டார் அந்தத் தபால்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வந்துவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி நீ செய்கிற வேலையை எழுது. நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று பேருக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். வழக்கம்போல முதல் பக்கம் எல்லாருக்கும் ஒன்றே. இரண்டாம் பக்கம் அவரவருக்கு.

போன வாரம் ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கினேன். லேசாகக் காய்ச்சல் வந்து போனது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் எழுத்துக்குக் காத்திருக்கும்
பாட்டி


ஜனவரி 24

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம், கண்ணும் நலம். பல் பிடுங்கிய பிறகு காய்ச்சல் வருவது நல்லதில்லை, டாக்டரிடம் காட்டினீர்களா? நீங்கள் போனில் பேச முடியாமல் போனதிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருப்பது எனக்குப் பெரிய தண்டனை. அம்மா அப்பா போன பிறகு எங்கள் மூன்று பேருக்கும் நீங்கள் ஒருவர்தான். ஒளிக்காமல் எழுதுங்கள்.

தபால்காரருக்குச் சொல்லுங்கள். நாங்கள் செய்வது மருந்துப் பெட்டி. கையில் போட்ட மெல்லிய குழாய் வழியாக, மணிக்கு இவ்வளவு என்று, மருந்தை ஒரே சீராகத் தள்ளும். அதை ஓட வைக்கிற நிரலை, அதாவது அதற்கான கட்டளைகளை, எழுதுவது என் பிரிவு. பெரியவருக்கு ஒரு வகை, பச்சைக் குழந்தைக்கு ஒரு வகை, கட்டில் பக்கத்தில் நிற்பது, வீட்டில் தோளில் மாட்டிக்கொண்டு நடமாடுவது என்று முப்பத்தாறு வகை இருக்கிறது. முப்பத்தாறையும் தனித்தனியாக எழுதினால் ஆயுள் போதாது. நீங்கள் கடிதம் எழுதுவதைப் போலத்தான் நாங்களும் செய்கிறோம். முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்று. இரண்டாம் பக்கம் அந்தந்தப் பெட்டிக்கு.

ஆனால் இரண்டாம் பக்கத்தை இஷ்டத்துக்கு எழுத முடியாது. குழந்தைப் பெட்டி என்றால் எடையைக் கேட்கும் பகுதி இருந்தே ஆக வேண்டும். தோள் பெட்டி என்றால் பெரிய விளக்கு கூடாது, பேட்டரி தாங்காது. இதை எடுத்தால் அதையும் எடு, இதை எடுத்தால் அதை விடு என்று நூற்றுக்கணக்கில் விதிகள். அவற்றை மரம் மாதிரி கிளை கிளையாக வரைந்து சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறோம். அந்தப் படத்தில் இருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதில் தவறு வந்தால் படத்தைப் பார்த்தாலும் தெரியாது, பெட்டியைப் பார்த்தாலும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும்.

சவப்பெட்டிக்கு வேலை வராமல் இருக்கத்தான் இந்தப் பெட்டி என்று அவரிடம் ஒரு போடு போடுங்கள்.

அன்பு மாறாத
பேத்தி


பிப்ரவரி 16

அன்புள்ள பேத்திக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். பதில் தாமதம் என்று கோபிக்காதே. மாடிப்படியைப் பழுது பார்க்கிறார்கள். அதனால் கொஞ்ச நாளாகக் கீழ்வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறேன். கீழ்வீட்டில் இருப்பவள் பஸ் ஓட்டுகிறவள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். விடிவதற்கு முன் வேலைக்குப் போய் மதியம் வந்து படுப்பாள். காகிதத்தை மடித்தால்கூடப் புரண்டு படுப்பாள். என்னால் என்ன சத்தம் வருகிறது என்று எனக்கே தெரியாதே, அதனால் பூனை மாதிரி நடக்கிறேன்.

நீ எழுதியதைப் பெஞ்சில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். தபால்காரர் சவப்பெட்டிப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டார். என் பேத்தி சும்மா ஒரு பெட்டி செய்யவில்லை, முப்பத்தாறு பெட்டி செய்கிறாள் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சின்ன விஷயம். நூலகத்தில் பழக்கமான ஒரு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் உங்கள் தோள் பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம் மருந்து போக வேண்டுமாம். அவளுக்குச் சத்தம் வேண்டாம் என்று மணியை எடுத்துவிட்டார்களாம். ஏதாவது கோளாறு என்றால் மணிக்குப் பதில் பெட்டி அதிரும் என்று பொருத்துகிறவர் சொல்லியிருக்கிறார். அதை எந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அதிர்வு நன்றாகத் தெரியும் என்று கேட்கிறாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பெரிய வாய் பேசிவிட்டு வந்திருக்கிறேன். மறக்காமல் எழுது.

காய்ச்சலா? அது எப்போதோ போய்விட்டது.

பாட்டி


பிப்ரவரி 27

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். அந்த அம்மாவை வலது இடுப்போடு ஒட்டி மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். உடைக்கு மேலே தொங்கினால் தெரியாது. குழாய் மடங்கினாலோ காற்று புகுந்தாலோ பெட்டி மருந்தை நிறுத்திவிட்டு அதிர ஆரம்பிக்கும். யாராவது வந்து பொத்தானை அழுத்துகிற வரை விடாது. பேருந்தில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு பலமாக இருக்கும். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் தோளில் அது தொங்குகிறது, ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் என்றதும் எனக்கு ஏனோ சந்தோஷமாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

மாடிப்படி எப்போது முடியும்? அங்கே உங்களுக்குக் கட்டில் இருக்கிறதா, தரையிலா?

பேத்தி


மார்ச் 8

அன்புள்ள பேத்திக்கு,

நலமே. எழுத்துக் கோணலாக இருந்தால் மேசை ஆடுகிறது என்று நினைத்துக்கொள். இரண்டு நாளாக எனக்குக் குளிர் அதிகமாகத் தெரிகிறது. டிரைவரம்மா தன் போர்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டுப் போகிறாள். பெஞ்சுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது.

அந்த அம்மா நீ சொன்னபடியே வலது இடுப்போடு ஒட்டி மாட்டிக்கொண்டாள். உன் பெட்டியை வாய் ஓயாமல் புகழ்கிறாள். மூன்று வாரம் ஆகியும் ஒரு தடவைகூட அதிரவில்லையாம். கோளாறே வராத பெட்டி என்கிறாள். வெயில் படாமல் இருக்க மருந்துப் பைக்கு ஒரு கறுப்பு உறை போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை பழைய பையைக் கழற்றிப் புதிதை மாட்ட அவளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய பை இப்போதெல்லாம் கொஞ்சம் கனமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறதாம். கையில் தெம்பு இல்லாததால் அப்படித் தோன்றுகிறது போலிருக்கிறது, வேறென்ன.

அதிகம் எழுத முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

பாட்டி


மார்ச் 11

அன்புள்ள பாட்டிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் பதில் இன்னும் வரவில்லை, ஆனால் காத்திருக்க நேரமில்லை.

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. நோயாளியின் குழாய் மடங்கியிருந்தது, பெட்டி அதிரவே இல்லை. அதே மாதிரி மணி எடுத்த ஒரு பெட்டியை இங்கே மேசையில் வைத்துக் குழாயை நானே மடித்தேன். மருந்து நின்றது. பெட்டி கல் மாதிரி கிடந்தது. எங்கள் மேலாளர் சுவர்ப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "படம் சரியாத்தானே இருக்கு? மணி வேண்டாம்னா அதிர்வு கட்டாயம்னு போட்டிருக்கே!" என்றார். "படம் சரி சார். பெட்டியும் சொன்னதைச் செய்யுது. ரெண்டும் ஒண்ணா இல்ல, அதான்" என்றேன்.

படத்தில் மணியும் அதிர்வும் தனித்தனிக் கிளைகள். ஒன்றை வெட்டினால் மற்றது நிற்கும். பெட்டிக்குள் அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட்டார்கள். மணி வேண்டாம் என்று எடுத்தால் கூரையோடு போய்விடுகிறது, அதிர்வும் சேர்ந்து போய்விடுகிறது. விதிகளைச் சரிபார்க்கிற எங்கள் நிரல் படத்தை மட்டும்தான் பார்த்தது. எல்லாம் சரி என்று பச்சை காட்டிவிட்டது.

மணி எடுத்த தோள் பெட்டிகள் மொத்தம் பதினொன்று. பத்தைக் கண்டுபிடித்து மாற்றியாயிற்று. பதினோராவது உங்கள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனது, ஆனால் அவர்கள் பதிவேட்டில் அது எந்த நோயாளி பேரிலும் இல்லை. மேலாளர், "எங்கயாவது அலமாரியில தூங்கிட்டிருக்கும். வெள்ளிக்கிழமையோட இந்த ஃபைலை மூடிடுங்க" என்கிறார். எனக்கு மூட மனம் வரவில்லை.

உங்கள் நூலகத்து அம்மாவின் பெட்டி அடியில் ஒரு எண் இருக்கும். அது 0417 என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அவர் வீடு எங்கே, பேர் என்ன? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதுங்கள். டிரைவரம்மாவிடம் கொடுத்துப் போன் செய்யச் சொன்னாலும் சரி.

பேத்தி


மார்ச் 14

பாட்டி,

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் காலையில் வந்தது. ஒரு தடவைகூட அதிரவில்லை என்ற வரியைப் படித்ததும் போனை எடுத்தேன். பை கனமாக இருக்கிறது என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அந்த அம்மா யார் என்று தங்கைக்குத் தெரியுமோ என்று கேட்டேன். தெரியாது என்றாள். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அண்ணன் தனக்கு வந்ததைப் போனில் படித்துக் காட்ட, எழுதிக்கொண்டேன்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் பக்கம் மூன்றிலும் ஒன்றே: சுகம், மாடிப்படி, டிரைவரம்மா. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. அண்ணனுக்கு, இடது கைப் பக்கம் மட்டும் தளர்வாக இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கைக்கு, குதிரைக்கு ஊசிக்குழாயைக் காலில் எத்தனை நாள் விட்டுவைப்பாய், சுற்றிலும் சிவந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு, பெட்டி எப்படி அதிரும் என்று. மூன்று பேரும் தனித்தனியாகப் படித்தோம், ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. சேர்த்து வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க ஒரே வழிதான் இருக்கிறது.

நூலகத்து அம்மா யாரும் இல்லை. அது நீங்கள்தான்.

டிரைவரம்மாவைப் பதினாலு தடவை கூப்பிட்டேன். பஸ் ஓட்டும்போது எடுக்க மாட்டார். கடைசியில் டிப்போவுக்கே போன் செய்து, பாதி வழியில் வேறு ஆளை ஏற்றிவிட்டு அவரை இறக்கி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். "அம்மா, பெட்டி அடியில என்ன நம்பர்னு மட்டும் பாருங்க" என்றேன். "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க பாட்டி என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காங்கம்மா" என்றார். "நம்பர்தானே கேக்கறேன், அதைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கலையே" என்றேன். பெட்டியைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு படித்தார். பூஜ்யம், நாலு, ஒண்ணு, ஏழு.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று இப்போதுதான் சொன்னார். தங்கை ரயில் ஏறிவிட்டாள். இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. போனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிழைத்துவிடுங்கள் பாட்டி. பிறகு திட்டுகிறேன்.


ஏப்ரல் 2

அன்புள்ள பேத்திக்கு,

பிழைத்துவிட்டேன், திட்டலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காய்ச்சல் நின்று ஆறு நாள் ஆகிறது. ஐந்து நாள் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. உன் தங்கை பக்கத்திலேயே இருந்தாள். நர்ஸுகளை அதட்டுகிற அதட்டலைப் பார்த்தால் குதிரை ஏன் உதைத்தது என்று புரிகிறது.

பல் பிடுங்கிய இடத்திலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டதாம். ஆறு வாரம் மருந்து, பெரும்பகுதி வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். உங்களிடம் சொன்னால் ஒருத்தன் கப்பலிலிருந்து இறங்குவான், ஒருத்தி குதிரையை விடுவாள், நீ புதுப் பதவியை விட்டு ஓடிவருவாய். அதனால் ஆளுக்கு ஒரு கதையாகப் பிரித்து எழுதினேன். அதைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற வேலையைத்தான் நீ செய்கிறாய் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

பதிவேட்டில் இல்லை என்று எழுதினாயே, அது என்னால்தான். அவர்கள் வேறு கம்பெனிப் பெட்டியை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி பொருத்துகிறவர் வழுக்கைத் தலைக்காரர், பொறுமைசாலி. அவர் பேசியதைப் பாதி உதட்டிலும் பாதி துண்டுச் சீட்டிலுமாக வாங்கிக்கொண்டேன்.

"எல்லாப் பெட்டியும் ஒரே வேலைதான் பாட்டி செய்யும்."

"செய்யட்டும். எனக்கு என் பேத்தி செஞ்சதுதான் வேணும்."

"அது இப்ப இல்லையே."

"அந்தக் கண்ணாடி அலமாரியில இருக்கறது என்ன?"

"அது வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு வச்சது. மாதிரிப் பெட்டி."

"மாதிரின்னா ஓடாதா?"

"ஓடும். ஆனா யாருக்கும் கொடுக்கறதில்ல."

"அப்ப இன்னும் ரெண்டு நாள் உட்கார்றேன்."

மூன்றாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்தார். டிரைவரம்மா தூக்கம் கெடும், எனக்கும் கேட்காது, மணி எதற்கு என்று எடுக்கச் சொன்னதும் நான்தான். அதற்கு உங்கள் கம்பெனியிலிருந்துதான் புது நிரல் வரவழைத்தாராம். பிறகு பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார், மறந்துபோனார். இப்போது அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. பெரிய டாக்டருக்கு நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

குழாய் ஏன் மடங்கியது என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதும்போது காகிதம் நகராமல் இருக்க, குழாய் போட்ட இடது முழங்கையை அதன் மேல் ஊன்றுவேன். உங்கள் மூன்று பேருக்கும் எழுத உட்காரும் ஒவ்வொரு நாளும் மருந்தை நானே நிறுத்தியிருக்கிறேன். இப்போது காகிதத்தின் மேல் டம்ளரை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணன் அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான். நீ வரவில்லை. ஏன் என்று எழுதவும் இல்லை. கோபமா?

பாட்டி


ஏப்ரல் 19

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் உடம்பு தேறி வருவதைத் தங்கை தினமும் சொல்கிறாள். நான் வராததற்கு வேலை என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அது பொய்.

மார்ச்சில் எழுதும்போது, யாரோ இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட்டார்கள் என்று எழுதினேன். அந்த யாரோ நான்தான். மணியும் எச்சரிக்கை, அதிர்வும் எச்சரிக்கை, இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே, எதற்கு இரண்டு இடம் என்று சேர்த்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நிரல் பாதியாகச் சுருங்கியது. அதற்குத்தான் அந்தக் கேடயம் கொடுத்தார்கள். படத்தில் அந்தக் கூரையை வரைய வேண்டியவளும் நான்தான். அடுத்த வாரம் வரையலாம் என்று வைத்தேன், அதற்குள் வேறு வேலை வந்தது. உங்கள் வழுக்கைத் தலைக்காரர் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டதும் இதுவும் ஒன்றுதான் பாட்டி. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், என்னைத் தலைவி ஆக்கினார்கள்.

ஊருக்கு டிக்கெட் வாங்கினேன். நீங்கள் கட்டிலிலிருந்து டாக்டரிடம், நர்ஸிடம், பக்கத்துக் கட்டிலிடம், "இவதான் அந்தப் பெட்டியைச் செஞ்ச என் பேத்தி" என்று பெருமையாகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. ஸ்டேஷனிலிருந்து திரும்பிவிட்டேன்.

திரும்பிய அன்றே கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மேலாளர், "அது அப்ப எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும்மா" என்று மெதுவாகப் பேச்சை மாற்றப் பார்த்தார். "இல்ல சார், நான் எடுத்த முடிவு. தேதியோட இருக்கு" என்றேன். ஆஸ்பத்திரி விசாரணைக்கும் அதையே எழுதி அனுப்பிவிட்டேன். ஏற்றாமல் விட்டது அவர் தவறு, அதிராமல் போனது எங்கள் தவறு என்று.

தலைவி பதவி போய்விட்டது. என்னிடம் வேலை கற்ற பெண்ணுக்குக் கீழே இப்போது சோதனை மேசையில் இருக்கிறேன். படத்திலிருந்து ஒவ்வொரு விதியாக எடுத்து, அது பெட்டிக்குள்ளும் இருக்கிறதா என்று பெட்டியைக் கையில் வைத்துப் பார்ப்பது என் வேலை. குழாயை மடிக்கிறேன், பேட்டரியைப் பிடுங்குகிறேன். நாற்பது விதிக்கு மேல் முடித்தேன். இன்னும் இரண்டு இடத்தில் படம் ஒன்று சொல்கிறது, பெட்டி வேறு செய்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆவதற்கு முன் பிடித்துவிட்டோம்.

இனிப் பெஞ்சில் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை பாட்டி. கப்பலையும் குதிரையையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

பேத்தி


மே 10

அன்புள்ள பேத்திக்கு,

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மருந்து முடிந்தது, குழாயை எடுத்துவிட்டார்கள், மாடிக்கும் ஏறிவிட்டேன். நீ நன்றாகத் தூங்குகிறாயா?

கோபம் இல்லையா என்றால், இருந்தது. உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். பெட்டி அதிராததற்காக இல்லை. ஸ்டேஷன் வரை வந்துவிட்டுத் திரும்பினாயே, அதற்கு. நான் உன்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவது உனக்கு இவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது சாயங்காலப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். கேடயம் வாங்கியதால் பேசினேன் என்று நினைத்துவிட்டாயா? நீ ஒன்றும் வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால், நன்றாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பேசியிருப்பேன்.

நேற்றுப் பெஞ்சுக்குப் போனேன். கப்பலைச் சொன்னேன், குதிரையைச் சொன்னேன். தபால்காரர், "நடுவுல உள்ளது?" என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், கேடயத்தையும் சேர்த்து. தபால்காரர் ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். முப்பது வருஷ வேலையில் வேறு வீட்டில் போட்ட தபால் அவரிடமும் உண்டாம், ஒன்றைக்கூடத் திரும்பப் போய் எடுத்ததில்லையாம். அப்புறம் இருமிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வழுக்கைத் தலைக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். நீ எழுதியனுப்பியதை விசாரணையில் சத்தமாகப் படித்தார்களாம். இன்று காலை என்னைப் பார்க்க வந்தார். டிரைவரம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "அந்தக் கடிதம் எழுதினவங்க எப்படி இருப்பாங்க பாட்டி? ஒரு படம் காட்டுங்க" என்றார். பீரோவைக் குடைந்து எடுத்தேன். நீ மூன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எடுத்தது, இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் இல்லை. வாங்கிப் பார்த்தவர், "இந்தப் புள்ளையா எனக்காகச் சாட்சி சொல்லுச்சு?" என்று சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. சிரித்து முடித்ததும் படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளர்ந்த பிறகு எடுத்த உன் படம் ஒன்றுகூட என்னிடம் காகிதத்தில் இல்லை. எல்லாம் யார் யார் போனிலோ இருக்கின்றன. புதிதாக ஒன்று எடு. மேடையில் மாலையோடு வேண்டாம். அந்தச் சோதனை மேசையில், குழாயை மடித்துக்கொண்டு, இப்போது இருக்கிற முகத்தோடு எடு. தூக்கமில்லாத கண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பிரதி போடு, ஒன்று அவருக்கு. போனில் அனுப்பாதே, தபாலில் அனுப்பு.

உன் பாட்டி